ஞாயிற்றுக்கிழமை இறங்காத வள்ளம்

ஆவுடைத்தாய் அஞ்சலின் என்ற பேரை முதன்முதலில் கேட்டது வெள்ளம் வந்த வருஷம், மார்கழி மாசம், போனில்.

ஏரலில் வாழ்க்கைப்பட்ட தங்கை உலகம்மாளைப் பற்றித் தகவலே இல்லாத நாட்கள் அவை. பாலம் போய்விட்டது, கரண்டு போய்விட்டது, ஆற்றங்கரை ஊரெல்லாம் தண்ணீருக்குள் என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாளையங்கோட்டையில் ஆவுடைத்தாய் சோறு இறங்காமல் கிடந்தாள். கடைசியில் ஒரு காலையில் யாரோ ஒருவருடைய போனிலிருந்து உலகம்மாள் பேசினாள்.

"யக்கா, நான் இருக்கேன். மச்சுலதான் கெடந்தோம். கடக்கரைக்காரங்க லாரியில வள்ளத்தைக் கொண்டாந்து தெருவுல எறக்கிட்டாங்க. எல்லாரும் ஏறுதாங்க, நான் மாட்டேன்னுட்டேன். முன்னப்பின்ன தெரியாத ஆம்பளை கையப் பிடிச்சு எப்படி எறங்கச் சொல்லுத? அப்ப வள்ளத்துக்குள்ள இருந்து ஒரு பொம்பளைப்பிள்ளை கைய நீட்டினா. 'ஆச்சி, நான் அஞ்சலின், வியாகுலம் மவ, என் கையப் பிடிங்க'ன்னா. பிடிச்சிட்டேன்."

"எந்த வியாகுலம்? நம்ம அப்பா கடையில கயிறு வாங்க வருவாரே, காதுல கடுக்கன் போட்டுக்கிட்டு, அந்த வியாகுலமா?"

"வெள்ளத்துக்குள்ள நின்னு நான் அதையெல்லாமா விசாரிப்பேன்?"

உலகம்மாள் விசாரிக்காவிட்டால் என்ன, ஆவுடைத்தாய் விடவில்லை. தண்ணீர் வடிந்தபின் ஏரலுக்குப் போனவள் நாலு பேரைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். அதே வியாகுலம்தான். புன்னைக்காயல்காரர். அவருடைய ஆத்தாளும் கடைக்கு வருவாள். வியாகுலத்துக்கு முதலில் பிறந்தவள் அஞ்சலின், அடுத்தவன் ஜெர்வின். அவர் இறந்து வருஷம் சில ஆகிறது; வள்ளம் பிள்ளைகளிடம் இருக்கிறது. அஞ்சலினைக் கட்டிய டைட்டஸ் கப்பலில் வேலை பார்க்கிறான், வருஷத்தில் பாதி நாள் கடலில்; அவள் தகப்பன் வீட்டில்.

இதில் ஒரு விஷயம் உண்டு. அந்தக் கரையில் பொம்பளைகள் மீனைத் தரம் பிரிப்பார்கள், ஏலம் கூறுவார்கள், வள்ளத்துக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் சரிக்குச் சரி நின்று சண்டை போடுவார்கள். வள்ளத்தில் மட்டும் கால் வைக்கமாட்டார்கள். அஞ்சலினும் அதுவரை வைத்ததில்லை. ஏரல் தெருவில் மச்சுப் பொம்பளைகள் யாரும் ஜெர்வின் கையைப் பிடிக்கச் சம்மதிக்காததால், "யக்கா, நீ ஏறு" என்று அவன்தான் கூப்பிட்டான். ஏறினாள். ஏறினவள் பிறகு இறங்கவில்லை என்றுதான் சொல்லவேண்டும்.

ஏரலில் வேலை முடிந்ததும் கொற்கைக்குச் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோனார்கள். கொற்கை, அந்தக் காலத்துப் பாண்டியன் தலைநகரம். முத்துக் குளித்த துறைமுகம். இப்போது கடலுக்கும் அதற்கும் நடுவே வாழையும் நெல்லும் உப்பளமுமாகக் கிடக்கிறது. அஞ்சலின் சின்ன வயதில் பஸ்ஸில் போய்ப் பார்த்திருக்கிறாள். ஒரு குளம், ஒரு கிழட்டு வன்னிமரம், அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு வள்ளத்தில் போனாள். வாழைக்குலைக்கு மேலே வள்ளம் போயிற்று. வன்னிமரத்துப் பக்கம் நின்று திரும்பிப் பார்த்தால், அங்கிருந்து கடல்வரைக்கும் ஒரே தண்ணீர்.

"ஏலே ஜெர்வின், இது துறைமுகம்தாம்லே. கண்ணால பாத்தாச்சு" என்றாள்.

"முதல்ல சோத்தைக் குடு. பெறவு துறைமுகத்தைப் பாப்போம்" என்றான் அவன்.

மற்றவர்களுக்கு வெள்ளம் வடிந்தது. அவளுக்கு அந்தக் காட்சி வடியவில்லை. ராஜா இருந்த ஊர் என்று எங்கெங்கோ போய்ப் பார்க்கிறார்களே, நம் ஆற்றங்கரையிலும் ஒரு தலைநகரம் கிடக்கிறதே என்று பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் வந்து கொற்கையைப் பார்க்கவேண்டும். பிறகு முகத்துவாரத்தில் வள்ளம் ஏறி, கடல் எவ்வளவு தூரம் விலகிப்போயிருக்கிறது என்று பார்க்கவேண்டும். இரண்டையும் பார்த்தால்தான் கொற்கை புரியும், ஒன்றை மட்டும் பார்த்தால் வெறும் வாழைத்தோட்டம் என்றாள். ஊரில் சிரித்தார்கள். "புருசன் கப்பல்ல, பொண்டாட்டி வள்ளத்துல. வீட்டுல யாரு இருப்பா, பூனையா?" என்று ஒருத்தி கேட்டாள். "பூனைக்கும் ஒரு சீட்டுப் போட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, ஆள் ஏற்ற அனுமதி வாங்கத் தூத்துக்குடிக்கு பஸ் ஏறினாள். ஒரு தடவையில் கிடைக்கவில்லை. ஆள் உட்காரப் பலகை போடு என்றார்கள், போட்டாள். மிதவைச் சட்டை வாங்கு என்றார்கள், வாங்கினாள். அடுத்த மாசம் வா என்றார்கள், மாசம் பிறந்ததும் போய் நின்றாள். ஆபீஸ் வாசல் காவலாளி "வாங்க கொற்கையம்மா" என்று கூப்பிடும் அளவுக்குப் போனாள். அனுமதி கிடைத்தது.

வள்ளம் ஆயிற்று. பஸ்ஸுக்குத்தான் அவள் பாளையங்கோட்டைக்கு வந்தாள். ஆவுடைத்தாயின் மகன் கோமதிசங்கரிடம் ஒரு சின்ன பஸ் இருந்தது. சனிக்கிழமைதோறும் நவதிருப்பதிக்கு ஆள் ஏற்றிப்போவான். ஆற்றங்கரையில் ஒன்பது பெருமாள் கோயில், நடுவில் புளியோதரை, சாயங்காலம் வீடு. அது நன்றாக ஓடியது. சிவன் கோயில் வீட்டுப் பிள்ளைக்குப் பெருமாள் சோறு போடுகிறார் என்று சொந்தக்காரர்கள் கேலி பேசுவார்கள்.

அஞ்சலின் உடன்குடிக் கருப்பட்டி ஒரு சிப்பத்தோடு வந்து உட்கார்ந்தாள். ஆவுடைத்தாய் அவள் முகத்தைப் பார்த்தாள். அப்படியே வியாகுலத்தின் ஆத்தாள் முகம், அதே தாடை.

"வள்ளம், தண்ணின்னு வம்பு வேண்டாம்மா" என்று கோமதிசங்கர் தொடங்கினான். "கொற்கையில என்ன இருக்கு? சனம் என்னைத்தான் ஏசும்."

"ஒரு தடவை ஓட்டிப் பாருங்க அண்ணாச்சி. ஏசுனா என் பேரைச் சொல்லுங்க, நான் வாங்கிக்கிடுதேன்."

ஆவுடைத்தாய் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "ஏலே, உங்க சித்தியைக் கைபிடிச்சு ஏத்துனவ வந்து கேக்கா. ஒரு தடவை ஓட்டேன்."

கோமதிசங்கர் ஒப்புக்கொண்டான், ஆனால் கறாராகத்தான் சொன்னான். "முதல் தடவை சனம் திருப்தியா போச்சுன்னா தொடருவேன். இல்லேன்னா கொற்கைப் பேச்சையே விட்டிருவேன்." அஞ்சலினுக்கு அது போதும். தேதியைச் சொன்னான்; சரி என்றாள். அடுத்த மாசத்துத் தேதி, கிழமை என்ன என்று இரண்டு பேரும் பேசவில்லை. அவனுக்குச் சனிக்கிழமை பெருமாளுக்கு. மற்றப்படி ஊர் சுற்றுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை அல்லாமல் என்றைக்கு வருவார்கள்? அதை எதற்குச் சொல்லவேண்டும்? அவளுக்கு, ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் வள்ளம் இறங்காது என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அதை எதற்குச் சொல்லவேண்டும்?

பஸ் வரவேண்டிய வாரம்தான் ஜெர்வின் காலண்டரைப் பார்த்துவிட்டு ஓடிவந்தான். "யக்கா, மோசம் போச்சு. ஞாயித்துக்கெழமை!"

அவள் உடனே போன் போட்டாள். கோமதிசங்கர் சிரித்தான். "இருக்கட்டுமேம்மா. நீங்க காலையில பூசைக்குப் போயிட்டு வாங்க. நாங்க மத்தியானம்தானே அங்கன வாறோம்."

"பூசைக்காக இல்லை அண்ணாச்சி. அன்னைக்கு எங்க கரையில ஒரு வள்ளமும் தண்ணியைத் தொடாது. ஊர்க்கட்டு."

"வெள்ளத்துக்கு நாள் கெழமை பாத்தீயளா?"

"பாக்கலை. அது உசுரு. இது வேடிக்கை."

"எல்லாச் சீட்டும் ஆயாச்சு, ஏரல்ல சாப்பாடும் சொல்லியாச்சு. என்ன செய்வீங்களோ, செய்ங்க" என்று வைத்துவிட்டான். நேரில் பஸ்ஸைப் பார்த்தால் அவள் இறங்கிவருவாள் என்று அவன் கணக்கு. அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை, பெற்ற தாயிடம்கூட.

அஞ்சலின் ஊர்க் கமிட்டிக்குப் போனாள். தலைவர் எஸ்றா அவள் தகப்பனோடு ஒரே வள்ளத்தில் தொழில் செய்தவர். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "இன்னைக்கு உனக்கு விட்டா, நாளைக்கு ஒருத்தன் வலையோட வந்து நிப்பான். அவனுக்கு நான் என்ன சொல்லட்டும், நீயே சொல்லு."

அவர் சொன்னது நியாயம்தான் என்று அவளுக்கே பட்டது.

ஜெர்வின் வேறு வழி கொண்டுவந்தான். "சனிக்கெழமையே வள்ளத்தை அக்கரைக்குக் கொண்டுபோயிருவோம். அங்கன இருந்து ஏத்துவோம். நம்ம கரையில எறக்குனாத்தானே குத்தம்?"

"ஊரை ஏய்ச்சுட்டு ஊர்க்கதை சொல்லவாலே நான் இம்புட்டு அலைஞ்சேன்? வள்ளத்தைக் கரையேத்து. நல்லா மேட்டுல ஏத்து. பலகையைக் கழுவி வையி."

"தண்ணியில போகாத வள்ளத்துக்குப் பலகையைக் கழுவுதாளாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே கழுவினான்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் கிளம்பியது. ஆவுடைத்தாயும் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். ஆதிச்சநல்லூரில் இறங்கிப் பார்த்தார்கள், ஏரலில் சாப்பிட்டார்கள். உலகம்மாள் தெருமுனைவரை வந்து அக்காளைப் பார்த்துவிட்டுப் போனாள். பூசை முடிந்து வந்திருந்த அஞ்சலின் அங்கேதான் பஸ்ஸில் ஏறினாள், நீலச் சேலை, கழுத்தில் ஜெபமாலை.

கொற்கையில் வன்னிமரத்தடியில் எல்லாரையும் நிறுத்தினாள். கதை சொல்லப்போகிறாள் என்று பார்த்தால், முதல் பேச்சே இதுதான்: "ஒரு விசயத்தைச் சொல்லிட்டு ஆரம்பிக்கேன். இன்னைக்கு வள்ளம் ஓடாது. ஞாயித்துக்கெழமை எங்க கரையில வள்ளம் எறங்காது. தேதி குறிக்கும்போது கெழமையைக் கேக்காதது என் தப்பு."

கோமதிசங்கர் தலையில் கை வைத்தான். ஆவுடைத்தாய்க்கு அப்போதுதான் விஷயம் தெரியும். மகனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் மரத்தைப் பார்த்தான்.

பாளை மார்க்கெட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கும் வன்னியராஜ்தான் முதலில் வாய் திறந்தான். "என்ன வே கோமதி இது? தலைநகரம்னு கூட்டியாந்து வாழைத்தோட்டத்தைக் காட்டுதீரு. படகுன்னு சொன்னீரு, அதுவும் இல்லங்கா. பேசாம வண்டியைத் திருச்செந்தூருக்கு விடும். முருகனையாவது கும்பிட்டுட்டுப் போறோம்."

அது சரி, அது சரி என்று நாலைந்து குரல். கோமதிசங்கர் டிரைவரைப் பார்த்துக் கையைக் காட்டப்போனான். பஸ் தெற்கே திரும்பினால் அதோடு எல்லாம் முடிந்தது. அஞ்சலினுக்கும் அது தெரியும். அவள் குரல் உயரவும் இல்லை, தாழவும் இல்லை.

"வள்ளம் ஓடாதுன்னுதான் சொன்னேன். வள்ளத்துல ஏற முடியாதுன்னு சொல்லலை. வந்து ஏறி உக்காருங்க. நான் சொல்லவேண்டியதை அங்கன வச்சுத்தான் சொல்ல முடியும். அதுக்குப் பெறவு திருச்செந்தூர் போங்க."

"மணல்ல நிக்கித வள்ளத்துலயா?" என்றான் வன்னியராஜ். "நல்ல கூத்து!"

யாரும் அசையவில்லை. ஆவுடைத்தாய் பைய நடந்துபோய் பஸ் படியில் கால் வைத்தாள். "முருகன் அங்கனயேதான் இருப்பான், எங்கயும் போயிரமாட்டான். ஏலே, வண்டியைப் புன்னைக்காயலுக்கு எடு. எனக்கு வியாகுலம் வள்ளத்தைப் பாக்கணும்." முதலாளியின் தாயார் ஏறிவிட்டால் டிரைவர் யாரைக் கேட்பான்? வண்டி கிழக்கே போயிற்று.

புன்னைக்காயலில் வள்ளங்கள் வரிசையாக ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன. ஆண்கள் வெள்ளைச் சட்டையோடு நிழலில் உட்கார்ந்திருந்தார்கள், எஸ்றாவும் இருந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கிய கூட்டம் மணலில் நிற்கும் வள்ளத்தை நோக்கி நடப்பதைப் பார்த்து எல்லாரும் எழுந்தார்கள். ஜெர்வினுக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அஞ்சலின் மிதவைச் சட்டைகளை எடுத்து ஒவ்வொருத்தர் கையிலும் கொடுத்தாள்.

"மணல்ல என்னத்துக்குத் தாயி இது? மணல்ல முங்கவா போறோம்?" என்றான் வன்னியராஜ்.

"மாட்டுங்க அண்ணாச்சி. தண்ணியில ஏறும்போது பழகியிருக்கணும்லா."

"இன்னொருக்க வேற வரணுமா?"

கரையில் உட்கார்ந்திருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஆவுடைத்தாய்க்கு அஞ்சலினே சட்டையை மாட்டி வாரை இழுத்துவிட்டாள். பிறகு முதலில் ஏறி நின்று கையை நீட்டினாள். "ஆச்சி, என் கையப் பிடிங்க."

உலகம்மாள் போனில் சொன்ன அதே பேச்சு. ஆவுடைத்தாய் பிடித்துக்கொண்டாள். காய்த்துப்போன கை, நல்ல பிடி. அவள் ஏறி உட்கார்ந்ததும் மற்றவர்களும் ஒவ்வொருவராக ஏறினார்கள். வன்னியராஜ் கடைசியில் ஏறினான்.

அஞ்சலின் முன்முனையில் நின்றாள். பின்னால் முகத்துவாரம், அதற்குப் பின்னால் கடல். வள்ளம் ஆடாமல் அசையாமல் நின்றது.

"கொற்கையில வச்சு, இங்க ஒண்ணுமே இல்லைன்னு சொன்னீங்க. இப்ப நீங்க உக்காந்திருக்கீங்கள்லா, இதுதான் கொற்கை" என்றாள். "வள்ளம் இருக்கு. ஆளு இருக்கு. தண்ணி அன்னா, அங்கன இருக்கு. ஆறு மண்ணைக் கொண்டாந்து கொண்டாந்து போட்டுது, கடல் பைய நவுந்துது. ஒரே நாள்ல போயிருந்தா அழுதுட்டு எந்திரிச்சிருப்பாங்க. அது பைய போச்சு. இன்னைக்கு வரும், நாளைக்கு வரும்னு இப்படித்தான் வள்ளத்துல உக்காந்திருப்பாங்க. பெறவு வள்ளத்தை இழுத்துக்கிட்டுத் தண்ணிக்குப் பின்னால வந்தாங்க. முதல்ல பழையகாயல். அங்கயும் மண்ணு மூடிச்சு. பெறவு இங்க. நாங்க அப்படி வந்த சனம்னு எங்க அப்பா சொல்லுவாரு. உண்மையோ பொய்யோ, எனக்குத் தெரியாது. ஆனா வெள்ளத்தன்னைக்கு நான் அந்த வன்னிமரத்துக்கு வள்ளத்துல போனேன். அன்னைக்கு ஒரு நாள் கடல் கொற்கையைப் பாத்துட்டுப் போச்சு."

பின்னால் இரண்டு பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வன்னியராஜ் குனிந்து வள்ளத்துக்கு வெளியே மணலைப் பார்த்தான். பிறகு தண்ணீரைப் பார்த்தான். தூரத்தை அளக்கிறவன்போல இருந்தது.

"எம்புட்டு தூரம் போயிருக்கு?" என்றான் மெதுவாக.

"அதைத் தண்ணியில போய்த்தான் பாக்கணும் அண்ணாச்சி. ஞாயித்துக்கெழமை இல்லாம வேற நாள் வாங்க."

இறங்கும்போது எஸ்றா பக்கத்தில் வந்தார். அஞ்சலினிடம் ஒன்றும் சொல்லவில்லை, ஆவுடைத்தாயிடம்தான் சொன்னார். "சனிக்கெழமை கூட்டியாங்கம்மா. ஒரு வள்ளம் பத்தலைன்னா எனக்கும் ஒண்ணு கெடக்கு."

திரும்பும் வழியில் ஸ்ரீவைகுண்டம் தாண்டும்போது ஆவுடைத்தாய் மகனைக் கேட்டாள். "என்னலே சொல்லுத?"

"சனம் பாதி முறைக்கு, பாதி அழுவுது. இதைத் திருப்தின்னு சொல்லவா, இல்லைன்னு சொல்லவா? சரின்னே வைப்போம். சனிக்கெழமைக்கு எங்கம்மா போவ? அது நவதிருப்பதி நாளுல்லா. பெருமாள் சோறு போடுதாரு."

"ஒன்பது கோயில்ல இருக்காரு, ஒருத்தரு கூடவா பொறுக்கமாட்டாரு? மாசத்துல ஒரு சனி லீவு கேளு. ரெண்டாஞ்சனி ஆபீசுக்கெல்லாம் லீவு விடுதான், பெருமாள் விடமாட்டாரா?"

அவன் சிரித்துவிட்டான். ஆனாலும் சரி என்று சொல்லவில்லை. அடுத்த வாரம் அஞ்சலின் மறுபடி வந்து உட்கார்ந்தாள். அதற்கடுத்த வாரமும் வந்தாள். இந்தத் தடவை கருப்பட்டி இல்லை, கையில் காலண்டர். இரண்டாம் சனிக்கிழமைகளை எல்லாம் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தாள். "கெழமையைப் பாத்துட்டேன் அண்ணாச்சி" என்றாள். கோமதிசங்கருக்குக் காலண்டரை வாங்கிச் சுவரில் மாட்டுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

முதலில் வந்த இரண்டாம் சனிக்கு பஸ்ஸில் பாதிதான் ஆள். வன்னியராஜ் வரவில்லை, மனைவியையும் மாமியாரையும் அனுப்பியிருந்தான். அன்றைக்கு வள்ளம் தண்ணீரில் போயிற்று. முகத்துவாரத்தில் அலை ஒரு தூக்குத் தூக்கியதும் மாமியார்க்காரி அஞ்சலினைக் கட்டிக்கொண்டாள், கரைக்கு வரும்வரை விடவில்லை. அதற்கடுத்த மாசம் பஸ் நிறைந்தது. சில மாசம் நிறையும், சில மாசம் நிறையாது. மழைக்காலத்தில் வள்ளம் கிடையாது. அதையும் வன்னிமரத்தடியில் முதல் பேச்சாகவே சொல்லிவிடுவாள். எஸ்றாவின் வள்ளம் இரண்டு தடவை வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டினால் ஆள் அதிகம் வரும் என்று வேறு பஸ்காரர் ஒருவர் வந்து ஆசை காட்டினார். அவருக்கும் மிதவைச் சட்டையைக் கொடுத்து மணல் வள்ளத்தில் உட்காரவைத்துக் கதை சொல்லி அனுப்பினாள்.

அஞ்சலின் இப்போதும் புன்னைக்காயலில் தகப்பன் வீட்டில்தான் இருக்கிறாள். இரண்டாம் சனிக்கிழமை வள்ளத்தின் முன்முனையில் நிற்பாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் இருப்பாள். வள்ளம் மணலில் இருக்கும்.